பிழைச் செய்தியில் பேசுவது யார்?

ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரல் எழுதிப் பழகியவர்களுக்குச் சிவப்பு எழுத்துகள் புதியவை அல்ல. பதிவேற்றும் பொத்தானை அழுத்துகிறோம். திரையின் அடியில் பத்துப் பதினைந்து வரிகள் ஓடுகின்றன. கடைசியில் 'எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1' என்று நின்றுவிடுகிறது. பலர் அந்தக் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, நிரலை அங்கும் இங்கும் மாற்றிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அந்தக் கடைசி வரியில் தகவல் எதுவும் இல்லை. ஒரு மென்பொருள் வேலையை ஒழுங்காக முடித்தால் 0 என்ற எண்ணையும், முடிக்க முடியாவிட்டால் வேறோர் எண்ணையும் விட்டுச் செல்லும். 'எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1' என்றால் 'வேலை முடியவில்லை' என்பதுதான் பொருள். ஏன் முடியவில்லை என்பது மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. அவற்றைப் படிக்கக் கற்பதே இன்றைய பாடம். பலரும் அஞ்சி ஒதுக்கும் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்வோம். அது சி மொழி நிரலுக்கு நடுவே அசெம்பிளி மொழிக் கட்டளைகளை எழுதும் 'இன்லைன் அசெம்பிளி'.

அசெம்பிளி எதற்கு?

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களில் நிறம் மாறி ஓடும் எல்இடி பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூஎஸ்2812பி என்ற வகை விளக்குப் பட்டையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விளக்குக்கும் நிறத்தைச் சொல்ல 24 பிட் அனுப்ப வேண்டும். ஒரு பிட்டுக்குரிய நேரம் 1.25 மைக்ரோ நொடி. அதற்குள் மின்னழுத்தம் ஏறக்குறைய 0.4 மைக்ரோ நொடி உயர்ந்திருந்தால் விளக்கு அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். 0.8 மைக்ரோ நொடி உயர்ந்திருந்தால் 1 என்று எடுத்துக்கொள்ளும்.

ஊனோவில் இருக்கும் அட்மெகா328பி சில்லு நொடிக்கு 16 மில்லியன் முறை துடிக்கிறது. ஒரு துடிப்பு 62.5 நானோ நொடி. அப்படியானால் 1.25 மைக்ரோ நொடியில் 20 துடிப்புகள்தாம். நாம் வழக்கமாக எழுதும் 'டிஜிட்டல்ரைட்' ஒரு முறை இயங்குவதற்கே அதைவிடக் கூடுதலான துடிப்புகள் வேண்டும். அதனால்தான் இந்தப் பட்டைகளை இயக்கும் அடாஃப்ரூட் நியோபிக்சல் நிரலகம், இவ்வகைச் சில்லுகளுக்கு அசெம்பிளிக் கட்டளைகளை நேரடியாகப் பயன்படுத்துகிறது. அங்கே ஒவ்வொரு துடிப்பையும் எண்ணித்தான் எழுத வேண்டும்.

மிக எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வீர்கள். இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்.

ஏஎஸ்எம் ("எஸ்பிஐ 5, 5");

5ஆம் முகவரியில் உள்ள 5ஆம் பிட்டை 1 ஆக்கு என்பது இதன் பொருள். ஊனோவில் 13ஆம் காலோடு இணைந்த சிறு விளக்கு, அந்தக் கால் வெளியீடாக அமைக்கப்பட்டிருந்தால், உடனே எரியும். ஆன நேரம் 2 துடிப்பு. இந்த ஒரு கட்டளைக்காக அசெம்பிளி எழுத வேண்டியதில்லை. சி மொழியில் சரியாக எழுதினால் கம்பைலரே இதே கட்டளையை உருவாக்கும். கற்பதற்கு எளியது என்பதால் இதை எடுத்துக்கொள்கிறோம்.

மூன்று பேர் படிக்கிறார்கள்

நீங்கள் எழுதிய நிரல் சில்லைச் சென்றடைவதற்குள் மூன்று மென்பொருள்கள் அதைக் கையாளுகின்றன. முதலில் கம்பைலர் சி மொழியை அசெம்பிளி மொழியாக மாற்றுகிறது. அடுத்து அசெம்பளர் அந்த அசெம்பிளியை 0, 1 ஆக மாற்றுகிறது. கடைசியில் லிங்கர் தனித்தனித் துண்டுகளை ஒன்றாக இணைக்கிறது. மூன்றும் குறை சொல்லும். ஆனால் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததைப் பற்றி மட்டுமே சொல்லும்.

ஒரு தமிழ்க் கடிதத்தை மலாய் மொழிக்கு மாற்றி அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் நடுவில் ஒரு வாக்கியத்தை நீங்களே மலாயில் எழுதி மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டீர்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பகுதியை மாற்றுவார். மேற்கோளுக்குள் இருப்பதை அப்படியே நகலெடுப்பார். அதில் எழுத்துப்பிழை இருந்தால் அவர் சொல்ல மாட்டார். அலுவலகத்தில் அதைப் படிக்கும் அதிகாரிதான் சொல்வார்.

கம்பைலர் அந்த மொழிபெயர்ப்பாளரைப் போன்றது. அசெம்பளர் அந்த அதிகாரியைப் போன்றது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் 'எஸ்பிஐ' சரியான கட்டளைதானா என்று கம்பைலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயல்வதும் இல்லை. ஆகவே பிழைச் செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதைச் சொல்வது யார்?

அடையாளம் காண்பது எளிது. 'அசெம்பளர் மெசேஜஸ்' என்ற தலைப்பின் கீழ் வந்தால் பேசுவது அசெம்பளர். பிழை மேற்கோள் குறிக்குள் இருக்கலாம். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால் பேசுவது லிங்கர். நிரலின் வரியையே எடுத்துக்காட்டி வந்தால் பெரும்பாலும் கம்பைலர்.

வரி எண்ணில் மட்டும் கவனம் தேவை. அசெம்பளர் சொல்லும் எண் சில வேளைகளில் உங்கள் கோப்பின் வரியாக இருக்கும். சில வேளைகளில் கம்பைலர் இடையில் உருவாக்கிய, '.எஸ்' என்று முடியும் தற்காலிகக் கோப்பின் வரியாக இருக்கும். உங்கள் நிரலில் 40 வரிகளே இருக்க, 212ஆம் வரியில் பிழை என்று வந்தால் குழம்ப வேண்டாம். அது வேறு கோப்பு.

ஒட்டிக்கொண்ட இரு கட்டளைகள்

இப்போது செய்திகளுக்கு வருவோம். முதலாவது: 'அன்நோன் ஆப்கோட் நாப்எஸ்பிஐ'. 'நாப்எஸ்பிஐ என்ற கட்டளையை நான் அறியேன்' என்கிறது அசெம்பளர். எழுதியது இதுதான்:

ஏஎஸ்எம் ("நாப்" "எஸ்பிஐ 5, 5");

'நாப்' என்றால் ஒரு துடிப்பு நேரம் சும்மா இரு. 'எஸ்பிஐ' நாம் அறிந்தது. இரண்டும் சரியான கட்டளைகளே. ஆனால் சி மொழியில் அடுத்தடுத்து இருக்கும் இரு மேற்கோள்களையும் கம்பைலர் இடைவெளியின்றி ஒட்டிவிடும். அசெம்பளருக்குப் போய்ச் சேர்ந்தது 'நாப்எஸ்பிஐ 5, 5' என்ற ஒரே வரி. முதல் மேற்கோளின் இறுதியில், புதிய வரியைக் குறிக்கும் சாய்கோடும் 'என்' எழுத்தும் சேர்த்தால் போதும்:

ஏஎஸ்எம் ("நாப் \என்" "எஸ்பிஐ 5, 5");

செய்திக்குள்ளேயே விடை இருந்ததைக் கவனித்தீர்களா? நீங்கள் எழுதாத ஒரு சொல்லை அசெம்பளர் காட்டினால், அது எப்படி உருவானது என்று யோசியுங்கள்.

32 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது செய்தி: 'நம்பர் மஸ்ட் பி பாசிட்டிவ் அண்ட் லெஸ் தென் 32'. அதாவது எண் 32க்குக் குறைவாக இருக்க வேண்டும். ஏன் 32? ஏன் 100 இல்லை?

இந்தச் சில்லில் பெரும்பாலான கட்டளைகளுக்கு 16 பிட்தான் இடம். 16 கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'எஸ்பிஐ' கட்டளைக்கு அந்தக் கட்டங்கள் இப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன: கட்டளையின் அடையாளத்துக்கு 8, முகவரிக்கு 5, பிட் எண்ணுக்கு 3. 'எஸ்பிஐ 5, 5' சில்லுக்குள் இப்படி இருக்கும்:

10011010 00101 101

முகவரிக்கு 5 கட்டங்களே உள்ளன. படிவம் 4 கணிதத்தில் எண் அடிமானம் படித்தவர்களுக்குத் தெரியும்: 5 இரும இலக்கங்களில் 0 முதல் 31 வரைதான் எழுதலாம். 32ஐ எழுத ஆறாவது கட்டம் வேண்டும், அது இல்லை. அசெம்பளரின் செய்தி இந்தக் கட்ட எண்ணிக்கையைத்தான் சொல்கிறது.

இந்தச் செய்தி வருவதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. சில்லின் தரவேட்டில் 5 என்ற முகவரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு முகவரியும் அச்சிடப்பட்டிருக்கும். பதினாறடிமான எண்ணான அதைப் பதின்ம எண்ணாக மாற்றினால் 37. இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன. நினைவகத்தின் முதல் 32 இடங்களைச் சில்லின் 32 பதிவகங்கள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணினால் 5 + 32 = 37. சேர்க்காமல் எண்ணினால் 5. 'எஸ்பிஐ' கட்டளை சேர்க்காமல் எண்ணும் வகை. 37ஐக் கொடுத்தால் 5 கட்டங்களில் அடங்காது.

15க்கு மேல் ஏன்?

மூன்றாவது செய்தி: 'ரெஜிஸ்டர் நம்பர் அபவ் 15 ரிக்வயர்ட்'. 15க்கு மேற்பட்ட எண்ணுள்ள பதிவகம் வேண்டுமாம்.

பதிவகம் என்பது சில்லின் மையத்தில் ஒரு பைட் அளவுள்ள சிறு இடம். ஆர்0 முதல் ஆர்31 வரை 32 பதிவகங்கள் உள்ளன. 'எல்டிஐ' என்ற கட்டளை ஓர் எண்ணைப் பதிவகத்தில் இடும். அதன் 16 கட்டங்களில் அடையாளத்துக்கு 4, இட வேண்டிய எண்ணுக்கு 8, மீதமுள்ள 4 பதிவகத்துக்கு. 4 கட்டங்களில் 16 பதிவகங்களை மட்டுமே குறிப்பிட முடியும். வடிவமைத்தவர்கள் ஆர்16 முதல் ஆர்31 வரை உள்ள மேல்பாதியை அதற்கு ஒதுக்கினார்கள்.

பதிவகத்தை நாமே குறிக்காமல், கம்பைலரையே தேர்வு செய்யச் சொல்லவும் முடியும். அதற்கு '%0' என்று எழுதிவிட்டு, பின்னால் ஒரு நிபந்தனை எழுத்தைத் தர வேண்டும். 'ஆர்' என்ற எழுத்து 'எந்தப் பதிவகமும் சரி' என்று பொருள்படும். 'டி' என்ற எழுத்து 'மேல்பாதியில் ஒன்று' என்று பொருள்படும். 'எல்டிஐ' கட்டளையோடு 'ஆர்' நிபந்தனையைத் தந்தால் என்ன ஆகும்? கம்பைலர் ஆர்24ஐத் தேர்ந்தால் பிழை வராது. நிரல் பெரிதாகி, மேல்பாதி நிரம்பி, ஆர்10ஐத் தேர்ந்தால் பிழை வரும். நேற்று ஓடிய வரி, அதில் ஓர் எழுத்தும் மாறாமலே, இன்று நின்றுவிடும்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிழையைச் சொல்வது அசெம்பளர். திருத்த வேண்டிய இடமோ, நீங்கள் கம்பைலருக்குக் கொடுத்த நிபந்தனை. சொல்பவர் ஒருவராகவும் காரணம் வேறிடத்திலும் இருக்கலாம்.

'முடியாத நிபந்தனை'

நான்காவது செய்தியைக் கம்பைலரே சொல்கிறது: 'இம்பாஸிபிள் கன்ஸ்ட்ரெயின்ட் இன் ஏஎஸ்எம்'. நீங்கள் விதித்த நிபந்தனையை நிறைவேற்ற வழியில்லை என்று பொருள்.

ஏஎஸ்எம் ("எஸ்பிஐ 5, %0" : : "ஐ" (பிட்எண்));

'ஐ' என்ற எழுத்து 'நிரலைத் தொகுக்கும்போதே தெரிந்த மாறிலி' என்று கேட்கிறது. ஆனால் 'பிட்எண்' என்பது பொத்தானை அழுத்தும்போது கிடைக்கும் மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுக்கும் நேரத்தில் அது என்ன என்று யாருக்குத் தெரியும்? 'எஸ்பிஐ' கட்டளையின் கடைசி 3 கட்டங்களை இப்போதே நிரப்பியாக வேண்டும். நாளை தெரியப்போகும் எண்ணை இன்று அச்சிட முடியாது. இங்கே நிபந்தனை எழுத்தை மாற்றினால் தீராது. வேறு கட்டளையைத்தான் தேட வேண்டும்.

லிங்கரின் குறை இவற்றைவிட எளிது. 'லூப்' என்று பெயரிட்ட இடத்துக்குத் தாவச் சொல்லும்போது 'லோப்' என்று எழுதிவிட்டால், அது வேறு கோப்பில் இருக்கும் என்று அசெம்பளர் நம்பி விட்டுவிடும். எல்லாத் துண்டுகளையும் இணைக்கும்போதுதான் அப்படியொரு பெயரே இல்லை என்று தெரியும். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்ற செய்தியோடு வரும் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தால் போதும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கம்பைலர் பிழை சொல்லி நின்றுவிட்டால் அசெம்பளருக்கு வேலையே போகாது. ஆகவே ஒரு பிழையைத் திருத்தியதும் இதுவரை காணாத புதுப் பிழை ஒன்று வரலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். உங்கள் நிரல் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது என்று அதற்குப் பொருள்.

யாரும் எதுவும் சொல்லாதபோது

இதுவரை பார்த்தவை குரல் கொடுக்கும் பிழைகள். இன்லைன் அசெம்பிளியில் உண்மையான ஆபத்து குரல் கொடுக்காத பிழைகளில்தான் இருக்கிறது. சிறு தாமதத்துக்காக ஒருவர் இப்படி எழுதுகிறார்:

ஏஎஸ்எம் வொலட்டைல் ("எல்டிஐ ஆர்24, 100 \என்"
"1: டெக் ஆர்24 \என்"
"பிஆர்என்இ 1பி");

ஆர்24இல் 100ஐ இடு, ஒவ்வொன்றாகக் குறை, பூஜ்யம் ஆகும்வரை திரும்பிப் போ. மொத்தம் சரியாக 300 துடிப்பு, அதாவது 18.75 மைக்ரோ நொடி. கட்டளைகள் சரி, எழுத்துப்பிழை இல்லை. கம்பைலர் மேற்கோளுக்குள் படிக்கவில்லை. அசெம்பளருக்குக் குறையொன்றும் தெரியவில்லை. லிங்கரும் இணைத்துவிட்டது.

ஆனால் இந்த வரிகளைச் சுற்றியுள்ள சி நிரலில் 'பத்து முறை செய்' என்று எண்ணும் மாறியைக் கம்பைலர் அதே ஆர்24இல் வைத்திருந்தால்? நம் கட்டளை அதைப் பூஜ்யமாக்கிவிடும். விளக்கு பத்து முறை மின்னுவதற்குப் பதில் நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கலாம். வேறு நிரலில் அதே வரிகள் ஒழுங்காக ஓடவும் செய்யலாம். திரையில் ஒரு சிவப்பு எழுத்தும் இருக்காது.

இதற்காகவே இன்லைன் அசெம்பிளிக்கு நான்கு பகுதிகள் உண்டு. அவற்றை முக்காற்புள்ளி பிரிக்கும்: கட்டளைகள், வெளியீடுகள், உள்ளீடுகள், கடைசியாகக் கெடுபவற்றின் பட்டியல். 'நான் ஆர்24இல் கை வைக்கப் போகிறேன்' என்று நான்காம் பகுதியில் எழுதினால், கம்பைலர் தன் பொருளை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும். அதைப் போலவே, உள்ளீடாக மட்டும் கொடுத்த ஒரு பதிவகத்தின் மதிப்பைக் கட்டளைக்குள் மாற்றினாலும் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். அதைப் படிக்கவும் எழுதவும் போகிறோம் என்று '+' குறியால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இந்த அறிவிப்புகள் நாம் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்கு. வாக்கு உண்மையா என்று அது சோதிப்பதில்லை, நம்புகிறது. ஆகவே பிழைச் செய்தி வராதது நிரல் சரி என்பதற்குச் சான்று ஆகாது. மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒவ்வொரு பதிவகமும் வெளியே அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டிய பொறுப்பு எழுதியவருடையது.

வேறு சில்லு, வேறு மொழி

நாம் பார்த்த ஏவிஆர் வகைச் சில்லின் வடிவமைப்பு, நார்வேயின் டிரோன்ஹெய்ம் நகரில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லன் ஆகிய இருவரின் எண்ணத்தில் பிறந்தது. 16 கட்டங்களை எப்படிப் பிரிப்பது என்பது யாரோ ஒருவர் எடுக்கும் முடிவுதான். வேறொரு சில்லில் முடிவு வேறாக இருக்கும். 2023இல் வந்த ஊனோ ஆர்4 பலகையில் ஆர்ம் வகைச் சில்லு உள்ளது. அதற்கு 'எஸ்பிஐ 5, 5' எழுதினால் 'பேட் இன்ஸ்ட்ரக்ஷன்' என்பார் அதன் அசெம்பளர். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய 'சக்தி' செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகின்றன. அங்கே அதே வரிக்கு 'அன்ரெகக்னைஸ்ட் ஆப்கோட்' என்ற பதில் வரும். சொற்கள் வேறு, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே.

பட்டர்வொர்த்தில் இருக்கும் நமக்கு 'அசெம்பிளி' என்ற சொல்லின் இன்னொரு பொருள் நன்றாகத் தெரியும். கடலுக்கு அப்பால் பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு இன்டெல் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது முதல், சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலை பினாங்கின் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. இப்போது நாடு சில்லு வடிவமைப்புக்கும் நகர விரும்புகிறது. 10 ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்தும் ஒப்பந்தத்தை 2025 மார்ச்சில் மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்துடன் அறிவித்தது. கட்டங்களைப் பிரிக்கும் அந்த வேலைக்குச் செல்ல விரும்புபவர், முதலில் கட்டங்கள் ஏன் அப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன என்று படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிழைச் செய்திகள் அதற்கு நல்ல ஆசிரியர்கள்.

நினைவில் வைக்க

1. கடைசி வரியை விடுங்கள். முதல் பிழையைத் தேடுங்கள்.
2. பேசுவது கம்பைலரா, அசெம்பளரா, லிங்கரா என்று முடிவு செய்யுங்கள்.
3. செய்தியில் உள்ள எண்ணுக்கும் பெயருக்கும் காரணம் கேளுங்கள்.
4. ஒன்றை மட்டும் திருத்தி மீண்டும் தொகுத்துப் பாருங்கள்.
5. பிழை வராதபோதும், மாற்றிய பதிவகங்கள் எல்லாம் அறிவிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

அ. 'எஸ்பிஐ 5, 9' என்று எழுதினால் எண் எதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று அசெம்பளர் சொல்லும்? தொகுத்துப் பார்ப்பதற்கு முன் கட்டங்களை எண்ணி விடையை எழுதுங்கள்.

ஆ. 'எல்டிஐ' கட்டளையில் ஒரு பதிவகத்தில் இடக்கூடிய மிகப் பெரிய நேர்ம எண் எது? ஏன்?

இ. மேலே உள்ள தாமத நிரலில் 100க்குப் பதில் 200 என்று இட்டால் மொத்தம் எத்தனை துடிப்பு ஆகும்? 'எல்டிஐ'க்கு 1, 'டெக்'குக்கு 1, 'பிஆர்என்இ' திரும்பிப் போனால் 2, போகாவிட்டால் 1 என்று கணக்கிடுங்கள். 100க்கு 300 வருகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.